தோணியும் உள்ளே வரட்டும்: நாவாய் அருங்காட்சியகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கும் அறிஞர்களுக்கும்,

பாண்டியரின் கடல்வணிகச் சிறப்பைச் சொல்ல 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் வந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். கடலுக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்று கரையில் இருப்பவர்கள் எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு நடக்கும் பேச்செல்லாம் பழைய துறைமுகங்களான கொற்கையையும் அழகன்குளத்தையும் ரோமாபுரியையும் சுற்றியே போகிறது. அந்த மன்னர்களின் கடலில் நேற்றுவரை மரக்கலம் ஓட்டியவர்களும் அதைக் கட்டியவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமலே ஒரு நாவாய் அருங்காட்சியகம் எழும்பிவிடும் என்ற அச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. என் அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்லும் தலைவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் தோணி என்பது குளத்தில் மிதக்கும் சிறு ஓடத்தை அல்ல. 300 டன் சரக்கு வரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வந்த கடலோடி மரக்கலம் அது. வெங்காயம், வத்தல், கருவாடு, ஓடு, சிமெண்டு, ஜல்லி என்று அது ஏற்றாத சரக்கு இல்லை. எஞ்சின் வந்தது பின்னால்தான். எழுபதுகளில் எங்கள் தோணிகள் பாயிலேயே ஓடின. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி கடலுக்குப் போகாது. பழுது பார்ப்பதும் கலப்பத்து அடிப்பதும் அந்த மாதங்களில் நடக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பருத்தித் திரியை வைத்து, உளியும் மரச்சுத்தியலுமாக வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள். அந்தச் சத்தம் பழைய துறைமுகப் பக்கம் இருந்த எங்கள் தெருவரைக்கும் கேட்கும்.

அந்தத் தோணியைக் கட்டியவர் ஓடாவி என்ற படகுத் தச்சர். தாளில் வரைபடம் கிடையாது. ஏரா, அதாவது அடிமரம், இத்தனை முழம் என்று முதலாளி சொல்லிவிட்டால் மற்ற அளவெல்லாம் அவர் மனசிலிருந்து வரும். அணியம் என்ற முன்பகுதியை எவ்வளவு தூக்க வேண்டும், வயிறு எங்கே அகல வேண்டும், பாய்மரம் எந்த இடத்தில் ஊன்ற வேண்டும், எல்லாமே கண்கணக்குதான். தோணிக்கு விலா எலும்பு போன்ற வங்குக்கால்களுக்கு நேரான மரத்தை அறுத்து வளைக்கமாட்டார். மரம் நிற்கும் ஊருக்கே போய், வாகையிலும் கருவேலத்திலும் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைப் பார்த்து, இது இத்தனையாவது வங்குக்கு ஆகும் என்று நிற்கிற மரத்திலேயே குறி போட்டுவிட்டு வருவார். வளைவோடு ஓடுகிற நார் அறுபடாது, அதனால் அலையில் அடிபட்டாலும் கால் பிளக்காது என்று ஓர் ஓடாவி எனக்கு விளக்கியிருக்கிறார். பொறியியல் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க வேண்டிய செய்தி அது. அவர் மகன் இப்போது கட்டடங்களுக்குக் கான்கிரீட் பலகை அடிக்கிறார்.

அப்பாவிடம் இருந்ததும் அப்படிப்பட்ட கல்விதான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்று மாறும் நாளை முதல்நாள் மாலையே வானத்தைப் பார்த்துச் சொல்வார். ஆறாமீன் என்ற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எந்த மாதம் எங்கே நிற்கும் என்று தெரியும். கரை தெரியாத இடத்தில் ஈயக்குண்டை இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று எண்ணி, குண்டில் ஒட்டிவரும் மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து எங்கே நிற்கிறோம் என்று கணிப்பார்கள். இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டு எழுதிவைக்க எந்தத் துறையிலிருந்தும் ஒருவரும் வந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் ஓட்டிய தோணியை முதலாளி உடைக்கக் கொடுத்தார். அவரைக் குறைசொல்லமாட்டேன். சரக்கு கிடைக்காத தோணியை எத்தனை வருஷம் ஒருவர் கட்டிவைத்துச் சம்பளமும் பழுதுச் செலவும் கொடுப்பார்? பலகைகள் விறகாகப் போயின, ஆணிகள் எடைக்குப் போயின. முழுத் தோணியை வைக்க இடமில்லை என்றால் அதன் சுக்கானையும் பாய்மரத்தையுமாவது எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் சும்மாவே தருகிறோம் என்று பழம்பொருள் காக்கும் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். அலைந்தும் பார்த்தேன். அங்கே கிடைத்த பதில் ஒரே வரி: நூறு வருஷம் ஆகியிருந்தால் பார்க்கலாம்.

அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி ஒரு பொருள் பழம்பொருளாக எண்ணப்பட நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கல்லுக்கும் செம்புக்கும் அந்தக் கணக்கு சரிதான். உப்புத் தண்ணீரில் கிடந்து உழைக்கும் மரத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? எவ்வளவு பக்குவமாகப் பார்த்தாலும் உழைக்கிற மரக்கலம் ஒரு தலைமுறையோ ஒன்றரைத் தலைமுறையோதான் தாங்கும். அதற்குள் பாதிப் பலகை மாறியிருக்கும். நூறு வருஷம் வரை காத்திருங்கள் என்று தோணியிடம் சொல்வது, நீ அழிந்துபோ என்று சொல்வதற்குச் சமம். படகு நிலைப்பது மரத்தால் அல்ல. ஒரு படகு போனால் அதே அளவில், அதே கையால் இன்னொன்று பிறக்கும். தச்சு இருக்கும்வரை படகும் இருக்கும். அதனால் இதில் காக்க வேண்டியது முதலில் மனிதரை. சட்டத்தில் மனிதருக்கு இடமில்லை என்றால், சட்டத்துக்கு வெளியே உங்களால் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அழகன்குளத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய பொருளாக எது இருக்கும் என்று கேட்டால், வைகை முகத்துவாரத்திலிருக்கும் அந்த ஊரில் கிடைத்த, கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டைத்தான் நானும் சொல்வேன். அதை வெளிநாட்டு அறிஞர்கள் பார்த்திருக்கிறார்கள், ரோமானியக் கப்பலோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். நல்லது. அந்தக் கீறல்களை ஒரு தண்டலிடம் காட்டியதுண்டா? எது பாய் கட்டும் பருமல் கழி, எது பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு, எது பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்போது பாய் இப்படி நிற்கும் என்று பார்த்த மாத்திரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் பாய் கட்டிப் பிழைத்தவர் சொல்லும் கருத்தும் அந்த ஓட்டின் பக்கத்தில் எழுதப்பட வேண்டாமா?

அழகன்குளத்திலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் தேவிபட்டினம், தொண்டி, நம்புதாளை. பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலுக்கென்றே அமைந்த வத்தை அந்தக் கரையின் படகு. பெரிய பாய், ஒடுங்கிய உடல். சாய்ந்துவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு நீண்ட பலகை. காற்று ஏற ஏற ஆட்கள் அந்தப் பலகையில் கடலுக்கு மேலே வெளியே நகர்ந்து உட்கார்ந்து, தங்கள் உடல் எடையாலேயே படகை நிமிர்த்துவார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்தவர், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கரைப் படகுகளை விவரித்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரருக்கு அவை எழுதத் தகுந்தவையாகத் தெரிந்திருக்கின்றன. இன்றும் அந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. பலகையில் ஏறி உட்காரத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்டடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உயிருள்ள கடல்மரபு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு மரக்கப்பலின் சிறு மாதிரியைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சில அறிஞர்களுக்கு இது உணர்ச்சிப் பேச்சாகத் தோன்றலாம். அவர்களுக்கு ஓர் உதாரணம். இந்தியக் கடற்படையின் கௌண்டின்யா கப்பலை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை வைத்து, ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். 2025 மே மாதம் கார்வாரில் அது கடற்படையில் சேர்ந்தது. பிறகு போர்பந்தரிலிருந்து பாய் விரித்து மஸ்கட் வரை போய்ச் சேர்ந்தது. சுவரில் இருந்த ஓர் ஓவியம் எப்படிக் கப்பலாக எழுந்தது? கேரளத்தில் பலகை தைக்கத் தெரிந்த பாபு சங்கரன் என்ற ஆசாரியும் அவரோடு வேலைசெய்த தச்சர்களும் உயிரோடு இருந்தார்கள், அதனால். அந்தக் கைகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால் எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தக் கப்பல் மிதந்திருக்காது. சென்னைக் கடற்கரையிலும் துறைமுகம் வருவதற்கு முன்னால் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் இறக்கியவை தைத்த மசூலாப் படகுகள்தான். இன்று அப்படி ஒன்றைத் தைத்துக் கொடு என்று கேட்டால் சென்னையில் யாரிடம் போவது?

கட்டுமரமும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2004 சுனாமி அலை கரையில் கிடந்த கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போனது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அதைத் தவறென்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கட்டுமரத்தில் இடுப்புவரை நனைந்து, துடுப்பு வலித்துத் தோள் போனவர்களின் வலியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் பழைய மரத்துக்கே திரும்பிப் போங்கள் என்று கேட்கவும் இல்லை. ஆனால் ஒரே வருஷத்துக்குள் ஒரு கரையின் படகெல்லாம் மாறும்போது, ஊருக்கு ஒன்றையாவது அளந்து, படமெடுத்து, நிழலில் ஏற்றிவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாமல் போனதே, அந்தத் துயரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கட்டுமரத்தைக் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தனித்தனிக் கட்டையாகக் காயப்போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். அதைக் கட்டும் முடிச்சு இன்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அடுத்து, யாருடைய பெயர் உள்ளே வரப்போகிறது என்பது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய கதை தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல் கரைக்கு வர முடியாமல் பல மைல் தள்ளியே நங்கூரம் போடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆளையும் மூட்டையையும் சுமந்தவை படகுகள்தான். அந்தப் படகுக்காரர்கள் இல்லாமல் எந்தக் கப்பலும், சுதேசியோ பரதேசியோ, தூத்துக்குடியில் வியாபாரம் செய்திருக்க முடியாது. அவர்களில் ஒருவர் பெயரையும் நான் எந்த நினைவுச் சின்னத்திலும் பார்த்ததில்லை. 1974-இல் பெருந்துறைமுகம் வந்து பெரிய கப்பல்கள் தளத்திலேயே அணைந்தபோது அந்தப் பிழைப்பு அமைதியாக முடிந்தது. 1961-இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்போடு குளியாட்களின் காலமும் அப்படித்தான் முடிந்தது. பாண்டியனின் முத்து என்று எழுதும்போது, மூச்சடக்கி அதை எடுத்தவன் யார், அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வள்ளத்தில் நின்றவன் யார் என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். பரதவர், மரக்காயர், கடையர், முக்குவர் என்று இந்தக் கரையில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு வேலை, ஒவ்வொரு அறிவு. இது எதையும் ஒரே ‘மீனவர்’ பலகைக்குக் கீழே அடைக்க முடியாது.

அக்கரையில், இலங்கையின் வல்வெட்டித்துறைக்காரர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது கடல்களைத் தாண்டி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டியவர்கள் எங்கள் ஓடாவிகளைப் போலத்தான் கரை மணலில் ஏரா போட்டவர்கள். இந்த நீரிணையின் இரண்டு கரையும் ஒரே தச்சு மரபால் பேசிக்கொண்டிருந்தன. உங்கள் அருங்காட்சியகம் பாண்டியரோடு நின்றுவிட்டால் இதெல்லாம் எங்கே போகும்?

பெரிய படகைக் கட்டடத்துக்குள் வைக்க முடியாது, மரம் அரித்துவிடும், பராமரிப்புச் செலவு அதிகம் என்று சொல்வீர்கள். உண்மைதான். அப்படியென்றால் கட்டடத்துக்குள் வைக்க வேண்டாம். டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து தங்கள் மரப்படகு கட்டும் மரபை 2021-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் சேர்த்தது ஏதோ ஒரு பழைய படகை அல்ல. பலகைமேல் பலகை வைத்துக் கட்டும் கைவேலையை, அதைச் சுற்றியுள்ள வழக்கங்களோடு சேர்த்தார்கள். நம் மரபு அதற்குக் குறைந்ததில்லை. கேட்க ஆள் இல்லாமல் கிடக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

முதலாவது, அருங்காட்சியக வளாகத்தில் ஒரு திறந்த படகுக் கொட்டகை வேண்டும். அதில் ஓடாவிகளை அமர்த்தி, பொதுமக்கள் கண்முன்னே முழு அளவில் ஒரு வத்தையையும் ஒரு கட்டுமரத்தையும் கட்டச் செய்யுங்கள். தோணி முழுதாக வராது என்றால் ஏராவிலிருந்து மேல்தளம் வரை அதன் நடுத்துண்டு ஒன்றையாவது உண்மையான அளவில் எழுப்புங்கள். கட்டி முடித்த வத்தையைத் தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ கடலில் இறக்கி, போட்டிகளில் ஓட விடுங்கள். ஒவ்வொரு ஓடாவியோடும் கரைப் பிள்ளைகள் இரண்டு பேராவது உதவித்தொகையோடு கற்க வேண்டும். 21 கோடியில் இதற்கு ஒரு பங்கை இப்போதே ஒதுக்குங்கள். கட்டடம் முடிந்து மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம்.

கட்டடத்துக்கு முன்னதாகவே செய்ய வேண்டிய வேலை பதிவு. தூத்துக்குடி, கீழக்கரை, தொண்டி, நாகப்பட்டினம், குமரிக் கரை என்று போய், மிஞ்சியிருக்கும் ஓடாவிகளையும் தண்டல்களையும் குளியாட்களையும் இந்த ஆண்டுக்குள் சந்தித்து அவர்கள் சொல்வதை ஒலியிலும் ஒளியிலும் பதியுங்கள். படகுகளை அளந்து வரையுங்கள். பாய் தைத்த, வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஊட்டிய பெண்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுங்கள். ஒரு சால்வையும் ஒரு புகைப்படமும் போதாது. பானை ஓடு இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் காத்திருந்தது, எண்பது வயது ஓடாவி காத்திருக்கமாட்டார்.

மூன்றாவது, மரக்கலங்களுக்கென்று மாநில அளவில் ஒரு மரபுப் பதிவேடு. நூறு ஆண்டு விதி அதற்கு இருக்கக் கூடாது. பதிவேட்டில் உள்ள படகை உடைக்கப் போகிறவர் முன்னதாகத் தெரிவித்தால், அதை வாங்கவோ அளந்து வைக்கவோ அரசுக்குச் சில வாரங்கள் கிடைக்கும். உரிமையாளருக்கு விறகு விலையைவிட நல்ல விலை கிடைக்கும்.

நான்காவது, கரையில் இடம். பாரம்பரியப் படகு கட்டும் களத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளிலேயே அனுமதி உண்டு. ஆனால் அந்தக் களங்களின் மணலில் இன்று வேறு எதற்கெல்லாமோ வேலி விழுகிறது. எந்தெந்த ஊரில் எது படகுக் களம் என்று கிராமத்தாரோடு நடந்துபோய்க் குறித்து, வரைபடத்தில் ஏற்றித் தர வேண்டுமென்று சம்பந்தப்பட்ட துறைகளுக்கு நீங்கள் எழுத வேண்டும். உங்கள் சொல்லுக்கு எடை உண்டு.

கடைசியாக, காட்சிக்கூடத்தில் எது இருக்க வேண்டும், எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுவில் கடலோரச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள், பெண்கள் உட்பட, உறுப்பினர்களாக இருக்க வேண்டும். வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள். திறப்பு விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பது அதற்கு ஈடாகாது.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் கேட்கிறேன். எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, முடியாததற்கு என்ன காரணம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஓடாவிகளின் வீடுகளுக்கு உங்கள் ஆட்களைக் கூட்டிப்போக நானும், என்னைப் போன்ற தோணிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தூத்துக்குடித் தண்டல் ஒருவரின் மகள்